டிக்லைன்ட் என்று எழுதவும்

இந்த ஊரில் ஒரு கிழவர் குளிக்க மாட்டேன் என்று சொன்னால் அதை எழுதி வைக்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் சொல்கிறவரைப் பிடித்து உட்காரவைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றுவோம். அவர் திட்டத் திட்ட முதுகு தேய்த்து, துவட்டி, வேட்டி மாற்றிவிட்டு, ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று வேறு கேட்போம். வட இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். நான் சேர்ந்த புதிதில் ஹெரால்ட் என்கிற தொண்ணூறை நெருங்கிய மனிதர், முன்னாள் பஸ் டிரைவர், குளியலறை வாசலில் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு “நோ” என்றார். நான் நர்சிங் படித்தவள். படித்ததை மறக்காமல், அவர் பெயருக்கு நேராக ‘ரெஃப்யூஸ்ட்’ என்று கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மறுத்தார். உள்ளது உள்ளபடி.

டெப்பி எனக்கு மேலே உள்ளவள். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “நீ அதை மாற்ற விரும்பலாம், லவ்” என்றாள். விரும்பலாம் என்றால் விரும்பாமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்? நான் சிரித்த முகத்தோடு, “பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்” என்றேன். இந்த நாட்டில் ‘நீ விரும்பலாம்’ என்பதுதான் கட்டளை என்பதும், கட்டளை போலத் தொனிக்கும் எதையும் இங்கே யாரும் உச்சரிப்பதில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் அவளே வாய்விட்டுச் சொன்னாள்: ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் அவர் ஏதோ அடம்பிடித்ததுபோல் இருக்கிறதாம். அவர் அடம்பிடித்தார் என்றேன். இல்லை, அவர் தன் உரிமையைப் பயன்படுத்தினார், ஆகவே ‘டிக்லைன்ட்’ என்று போட வேண்டும் என்றாள். போட்டேன். ஹெரால்ட் அன்று குளிக்கவில்லை. ஆனால் மிக மரியாதையாகக் குளிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் போனில் அகராதியைத் திறந்தேன். ‘ரெஃப்யூஸ்’ என்பதன் அதே எழுத்துகளை அழுத்தம் மாற்றிச் சொன்னால் குப்பை என்று பொருளாம். ஆக, அந்தச் சொல்லின் மேல் இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு நாற்றம் உண்டு. ‘டிக்லைன்’ லத்தீனிலிருந்து வந்திருக்கிறது. விலகிச் சாய்வது என்று அர்த்தம். வேண்டாம் என்று முகத்திலடிப்பதில்லை. உடம்பை லேசாக அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்வது. தட்டை நீட்டுகிறவர் நீட்டிக்கொண்டே இருப்பார், இவர் சாய்ந்தபடி இருப்பார், இருவருக்கும் வருத்தம் இல்லை. அதே சொல்லுக்கு மலைச்சரிவு என்றும் உடல்நலம் குன்றுவது என்றும் பொருள் போட்டிருந்தது. ஒரு சாம்ராஜ்யம் மொத்தமாகச் சரிந்துபோனதையும் ஒரு கிழவர் கஞ்சி வேண்டாம் என்றதையும் ஒரே சொல்லால் எழுத இவர்களால்தான் முடியும்.

சரிவு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்ததே ஒரு சரிவில்தான். கம்பம்மெட்டிலிருந்து ஜீப்பில் போனால் வருகிற ஏலத்தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசை வீடுகளில் நடுவீடு எங்களுடையது. கீழே கம்பத்தில் தமிழ்நாடு, மேலே நாங்கள் கேரளம். வீட்டில் தமிழ், தோட்டத்து ஆபீசில் மலையாளம், மருந்து டப்பாக்களின் மேல் இங்கிலீஷ். இந்த மூன்றுக்கும் சேர்த்து என் அப்பா அந்தோணி வைத்திருந்த ஒரே பதில் ‘சரி’. முதலாளி ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, “அந்தோணி, நாளை முதல் மருந்தடிக்கான் போகாமோ?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குறி சும்மா அழகுக்கு. அப்பா “சரிங்க மொதலாளி” என்பார். பாதி மலையாளம் அவருக்குப் புரிந்திருக்காது. புரியாதபோது சரி என்று சொல்லிவிடுவதுதான் பத்திரம் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்படிச் சரி சொல்லியே முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏலச்செடிகளுக்கு மருந்தடித்தார், ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் தீப் பார்த்தார், ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிட்டால் போனார். இங்கே சாய்ந்தால் மறுப்பு. எங்கள் ஊரில் சரிவதற்குப் பெயர் சம்மதம்.

தமிழில் மறுப்பதற்குச் சொல் இல்லாமல் போய்விடவில்லை. இல்லை, வேண்டாம், மாட்டேன், முடியாது, கூடாது என்று வகைவகையாக வைத்திருக்கிறோம். ஆனால் அவையெல்லாம் குழந்தைகளிடமும் கோழிகளிடமும் சொல்வதற்கு. பெரிய மனிதர்கள் எங்களிடம் மறுக்கும்போது ‘பாக்கலாம்’ என்பார்கள். மலையாள ஆபீசில் அதற்கு ‘நோக்காம்’ என்று பெயர்; முதல் எழுத்திலேயே ‘நோ’ இருக்கிறது, ஆனாலும் எங்கள் ஆட்கள் நம்பிக்கையோடு திரும்பி வருவார்கள். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அப்பா சொல்லப் போனார். நோக்காம் என்றார்கள். நான் நர்சிங் முடித்து வந்தபோதும் நோக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே ‘டிக்லைன்ட்’ மீது எனக்கு முதலில் மரியாதை வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கிழவரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு ஒரு கட்டடமே அடங்கி நிற்கிறது என்பது சின்ன விஷயமா? அந்த மரியாதை அடுத்த குளிர்காலம் வரை தாங்கியது. நான் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் ஹெரால்டின் கணக்கைத் திறந்தால் வரிசையாக ஒரே சொல். காலை உணவு: டிக்லைன்ட். தேநீர்: டிக்லைன்ட். தோட்டத்துக்கு அழைத்துப்போக: டிக்லைன்ட். பூசையில் எல்லாரும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருந்தது. நான் அவர் அறைக்குப் போய், டீ வேண்டுமா என்றேன். “நோ” என்றார். ஜன்னலைச் சாத்தவா என்றேன். “நோ.” உங்கள் பெயர் ஹெரால்டா என்றேன். “நோ, தேங்க் யூ” என்றார்.

காதுக்கருவியைக் கழற்றிப் பார்த்தேன். பாட்டரி செத்துப்போயிருந்தது. மாற்றிவிட்டு மறுபடி கேட்டேன். “டீயா? இரண்டு சர்க்கரை போட்டுக் கொண்டுவா, எல்லாரும் எங்கே தொலைந்தீர்கள்?” என்று கத்தினார். கேட்காதபோது இல்லை என்று சொல்லிவிடுவதுதான் அவருக்குப் பத்திரமாக இருந்திருக்கிறது. டெப்பியிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போய், தப்பு நடந்துவிட்டது என்று உண்மையாகவே வருந்தினாள். ஆனால் எழுதிய யாரும் பொய் எழுதவில்லை. கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றார், குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மனிதரைப் பசியோடு விட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்ள இவ்வளவு பதவிசான சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் அண்ணன் சேவியர் ஊரிலிருந்து கூப்பிட்டான். அப்பாவின் வலது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர், செருப்பு கடித்த புண்ணை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். நான் கிடைத்த விமானத்தில் ஏறிப் போனேன்.

அது மலையின் மறுபக்கம், கேரளத்துக்குள்ளேயே கீழே இறங்கினால் வரும் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் இளைஞர், நல்ல மனிதர், அவசரக்காரர். கட்டிலில் அப்பா உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலாக டாக்டர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். விரலை எடுத்தால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் பாதம் போகும், மகன் ஒப்பிட்டால் மதி. ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து, மதி என்றால் போதும். அண்ணன் பேனாவை வாங்கிவிட்டான். இத்தனைக்கும் விரல் யாருடையது என்று ஒருவரும் கட்டில் பக்கம் திரும்பவில்லை. எனக்குள் இருந்த டெப்பி எழுந்துகொண்டாள்.

“அப்பாகிட்ட கேட்டீங்களா?” என்றேன்.

“அவருகிட்ட என்னத்தக் கேக்க? அவரு சரின்னுதேன் சொல்லுவாரு” என்றான் அண்ணன்.

நான் கட்டிலருகே போய் உட்கார்ந்து, எந்த விரல், எப்படி எடுப்பார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் லயத்துத் தமிழில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவசரப்படுத்தாமல், கண்ணைப் பார்த்து. பிறகு கேட்டேன்: “உங்களுக்குச் சம்மதமாப்பா?”

அப்பா கேரளத்தையே ஒருமுறை சுற்றிப் பார்ப்பவர்போல அந்த அறையைப் பார்த்தார். டாக்டரை, அண்ணனை, பேனாவை.

“வேணாம்” என்றார்.

அண்ணன் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்குமுன் கேட்டதில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நானும்தான். டாக்டர் சிரித்துக்கொண்டு, “ஆள்க்கு பேடியாணு, குழப்பமில்லா, ஒப்பிட்டோளூ” என்றார். பயம் இருந்தால் என்ன, பரவாயில்லை, கையெழுத்துப் போடுங்கள் என்று. நான் எழுந்து நின்று, இவர் சுயநினைவோடு இருக்கிறார், கேட்டதைப் புரிந்துகொண்டார், வேண்டாம் என்கிறார், ஆகவே செய்யக் கூடாது என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த மகளின் இங்கிலீஷுக்கு நம் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எங்களை அனுப்புவதற்கான தாளை எழுத வந்த மலையாளி நர்ஸ், ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக’ என்று தலைப்பிட்டு, கீழே ‘பேஷன்ட் ரெஃப்யூஸ்ட்’ என்று எழுத ஆரம்பித்தாள்.

“சிஸ்டர், அதை டிக்லைன்ட்னு எழுதலாமே” என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அது எழுதியால் விரல் சரியாகுமோ, சேச்சி?” என்று கேட்டுவிட்டு, ரெஃப்யூஸ்ட் என்றே எழுதி முடித்தாள்.

ஜீப்பில் மலையேறினோம். லயத்து வாசலில் அப்பாவை இறக்கிவிட்ட பிறகுதான் அண்ணன் என் பக்கம் திரும்பினான். “நீ வெள்ளக்காரன் ஊர்ல இருந்து வந்தது அப்பாவக் கொல்லுறதுக்கா? ரெண்டு வாரத்துல நீ ஏரோப்பிளேன் ஏறிருவ. கால் அழுகுனா தூக்கிட்டு அலையப்போறது நாந்தேன?” என்றான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதினைந்து வருஷமாக அப்பாவுக்கு மாத்திரை வாங்கி வருகிறவன் அவன். நான் உரிமை, சுயமுடிவு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தமிழில் சொன்னபோது எனக்கே அது தேர்தல் நேரத்துப் பேச்சு மாதிரி ஒலித்தது. நிறுத்திக்கொண்டேன்.

அப்பாவோ வேறு உலகத்தில் இருந்தார். மறுநாள் நான் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு மரியதாஸ் விசாரிக்க வந்தார். “டாக்டர் அறுக்கணும்னாரு. நான் வேணாம்னுட்டேன்” என்றார் அப்பா. “நீயா?” என்றார் மரியதாஸ். “நாந்தேன். உட்டுட்டாக.” மரியதாஸ் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொழுந்து மாதிரி ஆட்கள் முளைத்தார்கள். ஸ்டோரில் வேலை பார்த்தவர்கள், பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள், கம்பத்திலிருந்து ஜீப்பில் கூலிக்கு வந்து திரும்புகிற பெண்கள்கூட வாசலில் நின்று, வேண்டாம் என்று சொல்லி அது பலித்த மனிதரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் கதை கொஞ்சம் வளர்ந்தது. கடைசியாக வந்தவரிடம் அப்பா டாக்டரை எழுந்து நிற்க வைத்துவிட்டிருந்தார். நான் ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் கறுப்பு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. சிவப்பு பாதத்தைத் தொட்டது. தினமும் நான் அப்பாவைப் பார்ப்பேன். அவர் வாசலைப் பார்ப்பார். மறுபடி கேட்கலாமா? கேட்டால் அது வற்புறுத்தலா? பயிற்சி வகுப்பில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், சொந்த அப்பாவின் கால் நாறும்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

“பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? நீ ஏன் அப்பறம் கேக்கவே இல்ல?”

“எதப்பா?”

“வெரல. ஒருக்காக் கேட்ட. வேணாம்னேன். உட்டுட்ட.” குரலில் குற்றம் சொல்வதைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. “நான் என்னத்தக் கண்டேன்? வேணாம்னா அடுத்தால சண்டை போடுவீக, அண்ணன் கத்துவான், டாக்டர் வைவாரு, அப்பறம் சரின்னு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். ஒரு தடவ சொல்லித்தேன் பாப்பமேன்னு சொன்னேன். நீ சட்டுனு எந்திரிச்சு நின்னு இங்கிலீசுல பேசவும் எனக்குப் பயமாப் போச்சு. சொன்னது சொன்னதுதேன் போலன்னு கம்முனு இருந்துட்டேன்.”

“அப்ப வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாமே?”

அவர் கஞ்சியைக் கலக்கினார். “நல்லா இருந்துச்சு, பாப்பா” என்றார். “எல்லாரும் வந்து கேட்டாக. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனேன்னு நெனச்சேன். வெரலு என்ன, ஓடியா போகுது?” பிறகு கொஞ்சம் தயங்கி, “அங்க நீ பாக்குற பெருசுகளையும் ஒருக்காத்தேன் கேப்பீகளா?” என்றார்.

ஆமாம் என்றேன். கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்வோம் என்றேன்.

“பாவம்” என்றார் அப்பா.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, அப்பாவைக் குழந்தையைப்போலத் தூக்கி முன்சீட்டில் வைத்தான். அதே டாக்டர். இந்த முறை அவர் அண்ணனிடம் பேனாவை நீட்டியபோது அப்பா குறுக்கே கையை நீட்டினார். “எங்கிட்டக் குடுங்க. என் காலு” என்றார். எழுத்துக்கூட்டி அந்தோணி என்று தமிழில் எழுதினார். ஒரு விரலோடு முடிந்திருக்க வேண்டியது இரண்டு விரலாகிவிட்டது. பாதம் தப்பியது. அதைச் சொல்ல டாக்டர் வந்தபோது, தமாஷாகப் பேசும் நோக்கத்தில், இந்த முறை ஏன் சம்மதித்தீர்கள் என்று அப்பாவிடம் தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார். அப்பா, “போன தடவ நீங்க எங்கிட்டக் கேக்கல, சார். மகதேன் கேட்டா” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனவர், அங்கே படுத்திருந்த கிழவியின் மகனிடம் எதையோ தொடங்கி, பாதியில் நிறுத்தி, கிழவியின் பக்கம் குனிந்தார். அது எத்தனை நாள் நீடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நம் ஊரை நான் அறிவேன்.

கிளம்புகிற அன்று அண்ணன் என்னை ஜீப்பில் ஏற்றிவிட வந்தான். பெட்டியை ஏற்றிவிட்டு, “அடுத்த தடவ வரும்போது இங்கிலீசக் கொஞ்சம் கொறச்சுக்க” என்றான். அவன் பாணியில் அது இரண்டாவது விரலுக்கான மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது இங்கே வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஹெரால்ட் வேண்டாம் என்றால் அவர் காதைப் பார்க்கிறேன், டீயைச் சும்மா பக்கத்தில் வைக்கிறேன், ஐந்து நிமிஷம் கழித்து வேறு வார்த்தையில் கேட்கிறேன். அதற்குள் எப்படியும் டீ காலியாகிவிடும். அதை எந்தச் சொல்லால் எழுதுவது என்று தெரியாமல் சில நாள் எழுதாமலே விட்டுவிடுகிறேன். டெப்பி அதைக் கவனித்துவிட்டு, நான் எழுத விரும்பலாம் என்றாள்.

போன வாரம் இடைவேளையில் அப்பா வீடியோவில் வந்தார். லயத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் கைத்தடியோடு மேட்டில் ஏறி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மலை முடிந்து, கீழே வெகு தூரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் கிடந்தது. காற்று அவர் துண்டைத் தமிழ்நாட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. “பாப்பா, நெசத்தச் சொல்லு. அங்கனயே இருந்துருவியா?” என்று கேட்டார். அதே நேரம் டெப்பி கதவைத் திறந்து தலையை நீட்டி, என் ஒப்பந்தம் முடியப்போகிறதே, தொடர்ந்து இங்கேயே இருக்கப்போகிறேன்தானே என்று விசாரித்தாள். நான் இருவருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினேன். நம் ஊரில் ஆட்டுவோமே, அந்த மாதிரி. “அதான பாத்தேன், வந்துருவ” என்று அப்பா சிரித்தார். டெப்பி மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிந்தது. அது யாருக்குப் பதில் சொன்னது என்று உற்றுப் பார்த்தேன். பார்த்தும் தெரியவில்லை.